கண்ணாடியில் பட்டு வரும் பந்து

சுவாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது பிலோமினாவின் மகள் அழைத்தாள். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க ஆன்ட்டி." பூஜையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சாந்தோமுக்குக் கிளம்பினேன்.

அடையாறு பேடல் டென்னிஸ் களத்தில் காலையில் ஆடும் உங்களுக்கெல்லாம் பிலோமினாவைத் தெரியும். மீன் கடை வைத்திருந்தவர். மகள் களத்தின் வரவேற்பில் வேலை பார்த்ததால், ஆளில்லாத நேரத்தில் ஆட வந்தார். சர்க்கரைக்காக வெளியே நடந்துகொண்டிருந்த என்னைக் கண்ணாடிச் சுவருக்குள்ளிருந்து கூப்பிட்டார். "இன்னா மாமி, செக்கு மாடு மாதிரி சுத்திக்கினு கீற. உள்ள வந்து ஒரு பந்து போடேன்." புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். களத்துச் செலவை இன்றும் வீட்டுக் கணக்கில் 'வைத்தியம்' என்ற தலைப்பில்தான் எழுதுகிறேன்.

போன வருடம் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கலாம், கையை வீசலாம், ஓடக் கூடாது என்றார் டாக்டர். இனி ஆட்டம் இல்லை என்றே நான் நினைத்தேன். பேடலில், தரையில் ஒருமுறை எழும்பிய பந்து பின்கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். மறுபடி தரையைத் தொடுவதற்குள் அடித்தால் போதும். "நான் ஏன் மாமி அதுகிட்ட ஓடணும்? அதுவே என்னாண்ட வரட்டும்" என்றார் பிலோமினா. இந்த ஓர் அடி கைவந்தால் ஆடுவேன், வராவிட்டால் மட்டையை மகளிடம் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

நான் வலையருகே நின்று கையால் பந்து போடுவேன். பனிக்காலக் காலைகளில் கண்ணாடி வியர்த்திருக்கும், பந்து வழுக்கும். அதனால் முதல் வேலை பழைய துண்டால் துடைப்பது. பிலோமினாவுக்கோ காத்திருக்க வராது. மீன் ஏலத்தில் முந்திக் கேட்டே பழகியவர். பந்து கண்ணாடிக்குப் போவதற்குள் மட்டையை நீட்டிவிடுவார்.

"பந்து எழும்பினதும் சாமி பேரை ஒரு தடவை சொல்லிட்டு அடிங்க" என்றேன். எங்கள் அம்பாளின் பெயரைத்தான் முதலில் சொல்லிப் பார்த்தார். "கற்பகாம்பாளே" என்று முடிப்பதற்குள் பந்து காலடியில் உருண்டது.

"உங்க சாமிக்கு பேரு நீட்டு மாமி. கோயில்ல நின்னு கும்புட சரி, இதுக்கு ஆவாது."

"மரியே" என்று மாற்றினார். பந்து இன்னும் கண்ணாடியையே தொடவில்லை. "இது ரொம்ப குட்டி." பிறகு "மாதாவே" என்றார். கண்ணாடியிலிருந்து திரும்பிய பந்து அவர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. கீழிருந்து மெல்லத் தூக்கினார். என் தலைக்கு மேலே பறந்து எதிர் மூலையில் விழுந்தது.

"பாத்தியா? ஓடல. வேர்க்கக்கூட இல்ல."

அதன்பின் இடது பக்கப் பின்மூலை அவருடையதானது. கல்லூரிப் பெண்கள் ஓடி ஓடிக் களைப்பார்கள். இவர் ஒரே இடத்தில் நின்று, மாதாவை அழைத்து அழைத்து அவர்களைத் தோற்கடிப்பார்.

துக்க வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருவர், "இந்தம்மாதான் அவள பந்தாட இட்டுனு போனது" என்று என் காதுபடச் சொன்னார். டாக்டர் சொன்னதை நாங்கள் மீறவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்தும் அந்தச் சொல் இறங்கவில்லை. நான் துணைக்குப் போகாமலிருந்தால் அவர் இருந்திருப்பாரோ என்று அம்பாள் சந்நிதியில் நின்று கேட்டேன்.

அடுத்த வாரம் அவர் கணவர் அந்தோணி களத்துக்கு வந்தார். அதுவரை ஒருநாளும் வந்தவரில்லை. "வூட்ல நடு ரூம்ல நின்னு கைய வீசிக்கினே இருப்பா. அது இன்னா அடின்னு காட்டுங்க மாமி."

நான் கேட்டேவிட்டேன். "அவங்க ஆடினது தப்புன்னு நினைக்கிறீங்களா?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து பேச்சு மூச்சில்லாம படுத்துனு இருந்தா. சோறு வேணாம், கடை வேணாம். இத்த கத்துக்கணும்னுதான் எந்திரிச்சா" என்றார். பிறகு பந்துக் கூடையை எடுத்துக்கொண்டு வலைப்பக்கம் போனார்.

நான் பிலோமினாவின் பின்மூலையில் போய் நின்றேன். முதல் பந்தைத் தவறவிட்டேன். அந்தோணி அடுத்ததைப் போட்டார்.

பிலோமினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இடது பக்கப் பின்மூலை. யார் கேட்டாலும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.