ஒன்றரைச் சுத்து

கார்புரேட்டருக்குப் பக்கவாட்டுல ஒரு சின்னத் திருகாணி இருக்கும். பித்தளை, சுண்டுவிரல் நகத்தளவுதான். அத முழுசா உள்ள திருகி, அப்புறம் ஒன்றரைச் சுத்து வெளிய எடுக்கணும். என் வண்டிக்கு அதுதான் கணக்கு. ஒன்றரைச் சுத்துல வெச்சுட்டா எஞ்சின் டுப், டுப், டுப்னு, பென்ஷன் வாங்குன ஆளு காலையில நடக்கப் போற மாதிரி, அவசரமே இல்லாம ஓடும். இது தெரிஞ்சும் மூணு மாசம் அந்தத் திருகாணிய நான் படுத்துன பாடு இருக்கே, அதுக்கு வாய் இருந்தா போலீஸ்ல போயி ரிப்போர்ட் குடுத்திருக்கும்.

நான் யாருன்னு சொல்லிடுறேன். ஈப்போவுக்கு வெளிய ஒரு கையுறை ஃபேக்டரியில மெஷின் பழுது பாக்குற வேலை. இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. லைன் நின்னு போச்சுன்னா என்னைத்தான் கூப்புடுவாங்க. சத்தத்த வெச்சே எந்த பேரிங் போச்சுன்னு சொல்லிடுவேன். இத நான் சொல்லலைன்னா வேற யாரும் சொல்ல மாட்டாங்க, அதனால நானே சொல்லிக்கிறேன்.

வேலைக்குப் போறது வாரது எல்லாம் கப்சாய்ல, அந்தச் சின்ன வண்டியில. புந்தோங்ல எங்க வீட்டுப் போர்ச்சுல இன்னொண்ணு நிக்குது. அதுதான் நான் சொல்ற வண்டி. ஒத்தச் சிலிண்டர், ஐந்நூறு சிசி, வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்துல கணக்குப் பாத்த கிராணியார் ஆபீசுக்கு ஓட்டிக்கிட்டு இருந்தது. ரப்பர் போயி செம்பனை வந்து, தோட்டமே கை மாறுன பிறகு, கோழிக்கூண்டு பக்கத்துல சாக்கு போத்திக் கெடந்துச்சு. நான் வாங்கிட்டு வந்தப்ப ஹெட்லைட்டுக்குள்ள முட்டை ஓடு இருந்துச்சு. ரெண்டு வருஷம் ஞாயிறு ஞாயிறா உக்காந்து அதுக்கு உசுரு குடுத்தேன்.

என் சம்சாரத்துக்கும் அந்த வண்டிக்கும் ஆகாது. அவ அத வண்டின்னே சொல்ல மாட்டா. "உங்க இரும்பு போர்ச்ச அடைச்சுக்கிட்டு நிக்குது." "உங்க இரும்பு எண்ணெய் வடிச்சிருக்கு, வந்து தொடைங்க." அவ்வளவுதான். கோப்பெங்ல சாப்பாட்டுக் கடை வெச்சிருக்குற அவ அண்ணன், அதாவது என் மச்சான், நேர் எதிர். வண்டியப் பாத்த நாள்லேர்ந்து அவருக்கு அது மேல ஒரு கண்ணு. ஓட்டுறதுக்கு இல்ல, கடை வாசல்ல நிறுத்தி வெக்கிறதுக்கு. ஆளுங்க பக்கத்துல நின்னு போட்டோ புடிச்சுட்டு, அப்படியே உள்ள வந்து வாழை இலைச் சாப்பாடு சாப்புடுவாங்களாம். ஓடுற வண்டிய சங்கிலி போட்டுக் கட்டி வெக்க எனக்கு மனசு வருமா? கேக்குறப்பல்லாம் சிரிச்சே மழுப்பிடுவேன்.

போன ஆயுத பூசைக்கு வண்டியக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுக்கி எல்லாம் முறையாப் பண்ணோம். சம்சாரமே சந்தனம் கொழச்சுக்கிட்டு வந்தா. ஹெட்லைட்டுல ஒண்ணு, மட்கார்டுல ஒண்ணு, பெட்ரோல் டேங்க் மூடிக்கு நட்ட நடுவுல ஒண்ணுன்னு பொட்டு வெச்சு, மேல குங்குமமும் வெச்சா. இரும்புக்கும் மரியாதை கெடைக்குதேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். மத்த எடத்துப் பொட்டெல்லாம் ஒரு வாரத்துல உதுந்து போச்சு. மூடி மேல வெச்சது மட்டும் அப்படியே இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை வண்டியத் தொடைக்கிறப்ப அதத் தொடாம சுத்தித் தொடைப்பேன். சாமிக்கு வெச்ச பொட்ட எவனாவது அழிப்பானா? "பாத்தியா, நல்ல சந்தனம்னா இதுதான்"னு அவகிட்டயே பெருமை பேசினேன். அவ கொடியில கெடந்த துணிய எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

அதுக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சு வண்டி நிக்க ஆரம்பிச்சுச்சு. வீட்டுல வெச்சு ஸ்டார்ட் பண்ணா தங்கம், தங்கமா ஓடும். ரோட்டுல ஏறி பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஆனா ரெண்டு தும்மல் போடும், இழுவை கொறையும், செத்துரும். நான் எறங்கி, பெட்ரோல் இருக்கான்னு முதல்ல மூடியத் தொறந்து பாப்பேன். புஸ்னு ஒரு சத்தம் வரும். சூட்டுக்கு ஆவி வருதுன்னு விட்டுடுவேன். மூடியப் போட்டுட்டு, அந்தத் திருகாணிய ஒரு கால் சுத்து திருப்பி, ஒரு உதை. வண்டி எழுந்துக்கும். ஆகா, கால் சுத்துலதான் சூட்சுமம் இருக்குன்னு விசில் அடிச்சுக்கிட்டுப் போவேன். அடுத்த பதினஞ்சாவது நிமிஷம் பழைய குருடி கதவத் திறடி.

பிளக்கக் கழட்டிப் பாத்தா மூக்கு வெளுத்திருந்துச்சு. சரியா எரிஞ்சா அது தே தாரேக் டீ நெறத்துல இருக்கணும். வெளுத்திருந்தா எஞ்சினுக்குப் பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம். அப்ப கார்புரேட்டர்தானே குத்தவாளி? பெட்ரோல் கூட வரட்டும்னு அதுக்குள்ள இருக்குற ஊசிய ஒரு படி தூக்கினேன். பெரிய ஜெட் மாத்தினேன். திருகாணிய உள்ள திருகினேன். இப்ப வீட்டுல ஸ்டார்ட் பண்ணா கறுப்புப் புகை கக்க ஆரம்பிச்சிருச்சு. கொடியில காயிற துணியெல்லாம் பெட்ரோல் நாத்தம். "மோந்து பாருங்க, எண்ணெய்க் கடையில வேலை பாக்குற ஆளு சட்டை மாதிரி"ன்னு சம்சாரம் என் மூஞ்சிக்கு நேரா சட்டைய நீட்டுவா. இவ்வளவு பெட்ரோல் குடிச்சும் ரோட்டுல போனா நிக்கத்தான் செஞ்சுச்சு.

தீபாவளி கழிஞ்ச ஞாயிறு, சுங்கை சிப்புட்ல ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்கு, பின் சீட்டுல அவளையும் ஏத்திக்கிட்டுப் போனேன். மூணு எடத்துல நின்னுச்சு. மூணாவது எடத்துல மழை புடிச்சுக்கிச்சு. பஸ் ஸ்டாப்புல முறுக்கு டின்ன மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தவ, சத்தமே போடாம சொன்னா: "இன்னொரு தடவை இது நடுரோட்டுல நின்னுச்சுன்னா எங்க அண்ணன் கடைக்குப் போயிடணும்." அவ சத்தம் போட்டிருந்தா நானும் சத்தம் போட்டிருப்பேன். அமைதியா சொன்னதால எனக்கு ரோசம் வந்துருச்சு. "சரி, நின்னா குடுத்துடுறேன்"னு சொல்லிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. அங்கயே அவ அண்ணனுக்குப் போன் போட்டா.

மச்சான் சும்மா இருப்பாரா? ரெண்டே வாரத்துல கடை வாசல்ல மொசைக் மேடை கட்டி, நாலு பக்கமும் கம்பி நட்டு, சங்கிலி மாட்டி, பூட்டும் போட்டு போட்டோ அனுப்பினார். கூடவே ஒரு போன். "மேடை ரெடி லா மச்சான். பொங்கல் கழிஞ்ச ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வாங்க. வாரப்ப வண்டியில வாங்க, போறப்ப பஸ்ல போலாம்." சொல்லிட்டு அவரே சிரிச்சுக்கிட்டார். வாக்குக் குடுத்த மறுநாள்லேர்ந்தே வண்டிய நான் ரோட்டுக்கு எடுக்கல. எடுத்தாத்தானே நிக்கும். போர்ச்சுலயே அரை மணி நேரம் ஓட விட்டுப் பாப்பேன், நிக்காது. திருகாணிய இப்படி, அப்படி, மறுபடியும் இப்படின்னு திருப்பி, கடைசியில எது எந்த எடம்னு எனக்கே மறந்து போச்சு.

அந்த ஞாயிறும் வந்துச்சு. டேங்க் நெறைய பெட்ரோல் போட்டேன். சம்சாரம் மல்லிகைப் பூவுக்கு மேல ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு, சூடா எறக்குன சக்கரைப் பொங்கல ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடி, மடியில வெச்சுக்கிட்டா. உண்மையச் சொன்னா எனக்குப் பயமா இருந்துச்சு.  கிளம்பறப்ப திரும்பி, காலியான போர்ச்சப் பாத்தேன். அவ முதுகுல ஒரு தட்டு தட்டி, "ரோட்டப் பாத்து ஓட்டுங்க"ன்னா.

சிம்பாங் பூலாய் தாண்டுற வரைக்கும் நல்லாத்தான் போச்சு. சுண்ணாம்பு மலைங்க ரெண்டு பக்கமும் வெயில்ல பளிச்சுனு நின்னுச்சு. அப்ப ஒரு தும்மல். நான் மூச்சே விடல. இன்னொரு தும்மல். பூட்டிக் கெடந்த ஒரு பழக்கடை கொட்டாய்க்கு முன்னால வண்டி தானா ஒதுங்கி நின்னுருச்சு.

எறங்கக்கூட தோணல எனக்கு. "உங்க அண்ணனுக்குப் போன் பண்ணு. லோரி எடுத்துக்கிட்டு வரச் சொல்லு"ன்னேன். போனக் கையில எடுத்தவ, கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்துட்டுத் திரும்பப் பைக்குள்ள போட்டுட்டா. "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல நீங்க. ஒரு வாய் சாப்புடுங்க, அப்புறம் பேசலாம்." கொட்டாய் பலகையில உக்காந்து டப்பாவத் தொறக்கப் பாத்தா. வரல. "சூட்டோட மூடிட்டேன், புடிச்சுக்கிச்சு"ன்னு ஓரத்துல நகத்தக் குடுத்து நெம்பினா. புஸ்னு காத்து உள்ள போயி மூடி வந்துச்சு. அந்த நேரம் பாத்து நானும் வழக்கம் மாதிரி டேங்க் மூடியத் திருகித் தூக்கினேன். புஸ்.

அவ டப்பா மூடியப் பாத்தா. என் கையில இருந்த மூடியப் பாத்தா. "ரெண்டும் ஒரே சத்தமா இருக்கேங்க?"ன்னா.

இருபத்திரெண்டு வருஷ அனுபவம் அப்பத்தான் கண்ணத் தொறந்துச்சு. பெட்ரோல் கீழ எறங்க எறங்க டேங்குக்குள்ள காத்து போகணும். போறதுக்காகவே மூடி நடுவுல ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை வெச்சிருப்பான். காத்து போகலன்னா பெட்ரோல் எறங்காது, டப்பா மூடி மாதிரி புடிச்சுக்கும். மூடியத் தொறந்தா சரியாயிடும். போர்ச்சுல நின்னு ஓடுறப்ப கொஞ்சம் பெட்ரோலே போதும், அதான் அங்க நிக்கல. ரோட்டுல நின்னப்பல்லாம் நான் மூடியத் தொறந்து தொறந்துதான் வண்டி எழுந்துருக்கு. பேரு வாங்குனது மட்டும் திருகாணி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா நான் கார்புரேட்டரத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

மூடியத் திருப்பி வெளிச்சத்துல புடிச்சேன். உள்பக்கம் ஓட்டை தெரிஞ்சுச்சு. வெளிச்சம் வரல. வெளிப்பக்கம் பொட்டு. "ஒரு கொண்டை ஊசி குடு"ன்னு வாங்கி, மனசுக்குள்ள சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு மெதுவா சொரண்டினேன். மேல செவப்பு வந்துச்சு, அடியில மஞ்சள். அதுக்கடியில மறுபடியும் செவப்பு. மறுபடியும் மஞ்சள். கடையில விக்கிற கேக் லாப்பிஸ் மாதிரி அடுக்கடுக்கா வந்துக்கிட்டே இருந்துச்சு.

"இது ஒரு பொட்டு இல்லையே"ன்னேன்.

அவ மலைய வேடிக்கை பாத்தா. நான் விடல, பாத்துக்கிட்டே நின்னேன். "வெள்ளிக்கிழமை நீங்க வேலைக்குப் போன பிறகு விளக்கேத்துவேன்ல, அப்படியே இதுக்கும் ஒரு பொட்டு. பூசைக்கு அடுத்த வாரத்துலேர்ந்து"ன்னா.

"உனக்குத்தான் இந்த இரும்பு ஆகாதே."

"ஆகாதுதான். அது மேல உக்காந்துக்கிட்டுப் போற ஆள என்ன பண்றது? நல்லபடியா வீடு வந்து சேரணும்ல." டப்பாவ என் பக்கம் நகத்திட்டு, "சொன்னா நான் சம்மதிச்சுட்டேன்னு இன்னொரு இரும்பு வாங்கிட்டு வந்துருவீங்க. அதான் சொல்லல"ன்னா.

 பொங்கல ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டேன். கண்ணு கலங்குனது உண்மை. பெட்ரோல் ஆவின்னு அவகிட்ட சொன்னேன், அவ நம்பல.

அப்புறம் ஸ்க்ரூடிரைவர எடுத்தேன். டூல் பையில கெடந்த பழைய ஜெட்டத் திரும்ப மாட்டி, ஊசியப் பழைய படிக்கே எறக்கினேன். திருகாணிய முழுசா உள்ள திருகி, ஒன்றரைச் சுத்து வெளிய எடுத்தேன். ஒரே உதை. "கொஞ்சம் அவசரப்படுது"ன்னு பலகையில உக்காந்தபடியே சொன்னா. வேகத்த ஒரு மயிரிழை கொறச்சேன். "இப்ப சரி." அவ காது இவ்வளவு துல்லியம்னு எனக்கு இத்தன வருஷம் தெரியாமப் போச்சு. கோப்பெங் வரைக்கும் வண்டி ஒரு தும்மல்கூட போடல.

மச்சான் மேடைக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தார். "எத்தன தடவை நின்னுச்சு மச்சான்?"

வாக்கு வாக்குதானே. "ஒரு தடவை"ன்னேன்.

"அலாமாக், பாவம்"னு சொல்லிக்கிட்டே பூட்டத் தொறந்து சங்கிலிய எறக்கினார். சம்சாரம் ஹெல்மெட்டக்கூட கழட்டல. நேரா போயி சங்கிலிய எடுத்துக் கம்பியில திரும்ப மாட்டினா. "பூட்டுங்கண்ணே. அது நின்னதுக்குக் காரணம் நான். எங்க வண்டிய நாங்க எதுக்குக் குடுக்கணும்?"

வண்டின்னு சொன்னா. வாங்கிட்டு வந்த நாள்லேர்ந்து அந்த வார்த்தைய அவ வாயில நான் கேட்டதில்ல. மச்சான் என்னையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பாத்துட்டு, "அப்ப மேடையில நான் என்னத்த வெக்கிறது, என்னையா?"ன்னு கேட்டுக்கிட்டே உள்ள போயி இலை போடச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கப்சாய ஸ்டார்ட் பண்றப்ப, சந்தனக் கிண்ணத்தோட போர்ச்சுக்கு வந்தா. நான் போற வரைக்கும் காத்திருக்கல. "எந்த எடத்துல வெக்கட்டும்?"னு என்னையே கேட்டா. ஹெட்லைட்டுக்கு மேல கை காட்டினேன். பெருசாவே வெச்சா.