கொலோன் நெரிசலில் பன்னிரண்டு எழுத்து

மகன் கட்டப்போகிற பிள்ளை லண்டனிலிருந்து முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த நாள் வெள்ளிக்கிழமை. பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு மகன்தான் போவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவனுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. "நீங்களும் அப்பாவும் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா" என்றான்.

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் விளங்கும். ஆனால் வாயைத் திறந்தால் சொந்தக்காரர் சிரிக்கிறார்கள் என்று கதைப்பதையே விட்டுவிட்டாளாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கதைக்க ஏலாது. நாங்கள் இருக்கிற எசன் நகரத்துக்குப் போய்ச் சேர இரண்டரை மணித்தியாலம். மொழிபெயர்க்க மகனும் இல்லை. முதல் நாளே வாய் பேசாமல் இருந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க மகன் மூலமாகத்தான் கதைக்க வேண்டிவரும். அப்படியான மாமியையும் மருமகளையும் நான் கண்டிருக்கிறேன். புறப்படும்போது சாமித்தட்டுக்கு முன்னால் நின்று, "பிள்ளையாரே, எங்கள் இரண்டு பேருக்கும் இடையிலே நாலு வார்த்தை நடக்க வையப்பா, வந்தவுடன் தேங்காய் உடைக்கிறன்" என்று நேர்ந்துகொண்டேன்.

மூன்று இங்கிலீஷ் வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். பயணம் எப்படி, பசிக்கிறதா, அம்மா அப்பா சுகமா. கார் தரிப்பிடத்தை விட்டு வெளியே வருவதற்குள் மூன்றும் முடிந்துவிட்டன. அவளும் ஒவ்வொரு சொல்லில் பதில் சொல்லிவிட்டாள். இவர் கார் ஓட்டிக்கொண்டே தேவாரத்தைப் போட்டுவிட்டார். பின்சீட்டில் அவள் ஒரு கண்ணாடியையும் நான் மற்றக் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

கொலோன் கிட்ட வர வாகனமெல்லாம் நின்றுவிட்டன. ஒரு அங்குலம் அசையவில்லை. அப்போதுதான் அவள் முன்னால் நின்ற காரைக் காட்டி, நம்பர் பிளேட்டில் ஏன் முதலில் ஒரு எழுத்து தனியாக நிற்கிறது என்று இங்கிலீஷில் கேட்டாள். "F, பிராங்பேர்ட். K, கொலோன்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. சின்ன வயதில் தகப்பனோடு காரில் விளையாடுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். பிளேட்டில் உள்ள எழுத்தெல்லாம் வருகிற மாதிரி ஒரு இங்கிலீஷ் சொல் சொல்ல வேண்டும். எழுத்து எந்த வரிசையிலும் வரலாம். நீளமான சொல்லுக்கு வெற்றி.

ஒரே ஒரு சொல்! வசனம் தேவையில்லை! நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதலில் F, R, T. "ஃபுரூட்!" என்று இவர் முந்திக்கொண்டார். அவள் அமைதியாக "பட்டர்ஃபிளை" என்றாள். அடுத்தது K, H, T. அவள் "திங்க்" என்று சொல்லி வாய் மூடவில்லை, நான் "கிச்சன்!" என்று கத்தினேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஏழு எழுத்து. என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். உடம்பெல்லாம் எனக்குப் புல்லரித்தது.

பிறகு பக்கத்தில் ஒரு வான் வந்து நின்றது. K, G, T. அவள் "நைட்" என்றாள், குதிரையில் போகிற வீரன். ஆறு எழுத்து. நான் கண்ணை மூடினேன். பதினாறு வருசமாக நான் சமையல் வேலை செய்கிற இடத்தின் வாசல் பலகை அப்படியே கண்ணுக்குள் வந்தது.

"கின்டர்கார்டன்!"

"அது டொச் சொல்லப்பா. செல்லாது" என்றார் இவர். ஜெர்மன் மொழியைத்தான் நாங்கள் டொச் என்போம்.

"எழுத்து மூண்டும் இருக்குத்தானே!"

"இருந்தால்? இது இங்கிலீஷ் விளையாட்டு. கார் என்ரை, தீர்ப்பும் என்ரை."

உடனே பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வெடித்தது.

"இல்லை மாமா! அது இங்கிலீஷிலையும் இருக்கு! மாமி சொன்னது சரி! நீங்கள் அளாப்புறீங்கள்!"

இவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அளாப்புறீங்களாம்! ஊரில் விளையாட்டில் கள்ளத்தனம் செய்பவனைப் பார்த்துச் சின்னப்பிள்ளைகள் கத்துகிற சொல். தகப்பனோடு விளையாடித்தான் பழகியிருக்க வேண்டும். அவள் போனில் அகராதியைத் திறந்து இவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "பாருங்கோ! பன்னிரண்டு எழுத்து! மாமிக்குத்தான் வெற்றி!"

"சரி சரி, இரண்டு பொம்பிளையளும் ஒண்டாகிட்டியள். எனக்கினி ஆர் துணை?" என்றார் இவர். சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை. நான் தமிழில் சிரித்தேனா இங்கிலீஷில் சிரித்தேனா தெரியாது, கண்ணீர் வந்துவிட்டது.

நெரிசல் விட்டபோது எனக்குக் கவலையாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். வழியில் மகன் போன் எடுத்து, "அம்மா, என்ன பாடு? நான் மொழிபெயர்க்கவோ?" என்றான். "வை போனை. பிள்ளை யோசிக்கிறா" என்றேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் எங்கள் கார் பிளேட்டைப் பார்த்தாள். E, O, M. எசனின் E-க்குப் பிறகு ஓம் வரவேண்டும் என்று இவர் கேட்டு வாங்கிய எழுத்துக்கள் அவை. "மாமி, கடைசி ஒண்டு!" என்றாள். நான் யோசிக்க முன்னமே இவர் "ஒம்லெட்!" என்றார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா? சாமிக்கெண்டு எடுத்த எழுத்தில முட்டையோ!" என்றேன்.

"மாமி, அவர் பாவம். எட்டு எழுத்து, குடுப்பம்" என்றாள் அவள்.

வேலை முடிந்து எங்களுக்கு முன்னமே வந்திருந்த மகன் அப்போதுதான் கதவைத் திறந்து வெளியே வந்தான். பயணம் பரவாயில்லையா என்று அவளிடம் மெதுவாக இங்கிலீஷில் கேட்டான். "உங்கடை அப்பா சரியான அளாப்பி" என்று அவள் தமிழில் சொன்னாள். அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். நான் தேங்காய் எடுக்க உள்ளே ஓடினேன்.