விரலால் படித்தவர்

நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடைக்கு அவர் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். நரைத்த மீசை, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி. இரண்டு நாள் போராடி அவர் கேட்ட ஃபைலை மீட்டேன். திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கிடந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படிக்க முடியாத எழுத்தைப் பார்த்தால் இன்னமும் கூச்சமாக இருக்கும்.

"கெட்டுப்போச்சு சார்."

"கெடலப்பா. பழைய தமிழ் ஃபான்ட்டு. உன் மெஷின்ல அது இல்ல, அவ்ளோதான்."

திரையைப் பார்த்தபடி, கீபோர்டில் அந்தந்த எழுத்து இருக்கும் இடத்தில் அடிப்பதுபோல் பத்து விரல்களாலும் வெறும் மேசையில் தட்டினார். தட்டத் தட்ட வாய் தமிழைச் சொன்னது. குருசுக்குப்பத்துக்காரர் ஒருவருக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

"செத்தது அண்ணங்காரன். உசுரோட இருந்த தம்பி பேரைப் போட்டு ஊரெல்லாம் ஒட்டிட்டோம். நான் சரியாத்தான் அடிச்சேன், டிசைன் பண்றப்ப நீதான் மாத்திட்டன்னு கூட்டாளியை எங்க போஸ்டர் கடையவிட்டே அனுப்பிட்டேன். பதினேழு வருஷம் ஆவுது."

"இதுல என்ன இருக்கு சார்?"

"தம்பி பேருதான். கூட்டாளி கைக்குப் போறதுக்கு முன்ன நான் அடிச்சது இது."

பிரின்ட் கேட்டார்.

"தமிழ்ல மாத்தித் தரட்டா?"

"வேணாம்பா. அவன் தேங்காய்த்திட்டுலதான் இருக்கான். இப்படியே படிப்பான்."

தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்று எங்கள் கடையில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சரியாகத்தான் அடித்திருக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.