தடுக்கி வாங்கித் தந்த கைதட்டல்

இதைப் படிக்கும் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவராக அல்ல, தீர்ப்பு எனக்கு முன்பே தெரியும்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பள்ளிக்கூடச் சிரிப்புப் படம் வந்தது. கதை என்று எதுவும் இல்லை. தடித்த கண்ணாடியும் எண்ணெய் வழியும் இரட்டைச் சடையுமாக ஒரு பெண். நடந்தால் வாளிக்குள் கால் விடுவாள், நின்றால் கரும்பலகை சாயும். அவளுக்குப் படத்தில் ‘தடுக்கி’ என்று பட்டப்பெயர். இராசபாளையத்துப் பிள்ளைகள் அதை இரண்டு முறை பார்த்தோம். என் அக்கா மட்டும் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டாள். அவளுக்கும் தடித்த கண்ணாடி. தன் உயரத்துக்குத் தானே கூச்சப்பட்டுக் குனிந்து நடப்பாள். என் பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பு.

அந்தப் படம் மாணவரை மகிழ்விக்கிறதா, கெடுக்கிறதா என்று பள்ளியில் பட்டிமன்றம் வைத்தார்கள். நான் மகிழ்விக்கும் அணி. பட்டிமன்றப் பேச்சாளர் எவரும் மனைவியைக் கேலி செய்யாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை என்பதைக் கூர்ந்து கவனித்து வைத்திருந்தேன். பன்னிரண்டு வயதில் மனைவிக்கு எங்கே போவேன்? அக்கா இருந்தாள்.

“நடுவர் அவர்களே! தடுக்கியைக் காண நீங்கள் தியேட்டருக்குப் போனீர்கள். நான் எங்கள் அடுப்பங்கரைக்குப் போனேன்!”

அவள் மாவுச் சட்டியோடு வழுக்கி விழுந்த கதையை நடித்தே காட்டினேன். பந்தல் அதிர்ந்தது. மாணவியர் வரிசையில் அக்காவும் சிரித்தாள். முதல் பரிசு எனக்கு.

மாலையில், அக்கா அப்பாவிடம் சொல்லிவிடுவாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது. இராணுவத்தில் இருக்கும் அப்பா போனில் அழைக்கும்போதெல்லாம் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதையும் சொல்லவில்லை. சொல்லாதது பயத்தைக் கூட்டியது. ஒருநாள் அவள் வகுப்புப் பையன்கள், “ஏட்டி தடுக்கி, முன்னால படி இருக்கு, பாத்து வா!” என்று கூவினார்கள். என் பேச்சு இவ்வளவு தூரம் பரவியிருக்கிறதே என்று நெஞ்சை நிமிர்த்தினேன். மதியச் சாப்பாட்டுக்கு அவள் வகுப்பைவிட்டு வெளியே வருவதில்லை என்று அவள் தோழி சொன்னாள். வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த சுற்று ஸ்ரீவில்லிபுத்தூரில். “அக்கா கதைய விட்றாதலே. கப்பு அங்கனதான் இருக்கு” என்றார் தமிழ் ஐயா. அம்மாவுக்கு அன்று மில்லில் ஷிப்டு.

“ஏட்டி, சின்னப்பயல ஒத்தையில எப்படி அனுப்ப? கூடப் போயிட்டு வா.”

“எனக்குப் பரீட்சை இருக்கும்மா.”

“ஒரு நாள்ல அம்புட்டுப் படிப்பும் ஓடிருமாக்கும்?”

பேருந்து பாதி வழி போயிருக்கும். அக்கா கேட்டாள்: “ஏலே, அந்தக் கதைய அங்கயும் சொல்லப் போறியா?”

“அது இல்லாம கப்பு எப்படிக்கா?”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். “சரி, சொல்லு.”

அங்கே அறிமுகமற்ற முகங்கள். “நடுவர் அவர்களே” என்று தொடங்கிவிட்டு அக்காவைத் தேடினேன். மூன்றாம் வரிசையில் இருந்தாள். நான் கதைக்கு இன்னும் வரவே இல்லை. அவள் அதற்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். உதடுகள் மட்டும் விரிந்திருந்தன. கைகள் முன்னிருந்த நாற்காலியை இறுகப் பற்றியிருந்தன. அந்த முகத்தைப் பார்த்ததும் அடுத்த வரி என்னை விட்டுப் போய்விட்டது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மணி அடித்தார்கள்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து அக்கா அழுதாள். அழுதபடியே என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

“மறந்தது மறந்ததாவே இருக்கட்டும்ல” என்றாள்.

தோற்ற தம்பியைத் தேற்றும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். என்னால் அல்லவா கப்பு போயிற்று! குற்ற உணர்வில் எழுந்து நின்று, நின்றிருந்த பயணிகளும் திரும்பிப் பார்க்க, மேடைக்குரிய முழுக் குரலில் வாக்களித்தேன்:

“அழாதக்கா! அடுத்த வருசம் மறக்கவே மாட்டேன். ஒங்கதைய ஒரு வரி விடாமச் சொல்லி, கப்போடதான் வருவேன்!”