செசிலி வாங்கிய இரண்டு தென்னங்கன்றுகள்

செசிலி ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்த ஐந்து வகுப்பை வைத்துக்கொண்டு தன் இரண்டு பையன்களுக்கும் ஒரு வருஷமாகக் குடிசையிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தாள். வேறு வழியில்லை. போன அறுப்பில் கூலித் தகராறு வந்து, பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியதிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற வரப்பு அடைபட்டுப்போனது. மீறிப் போன பெரியவன் தொம்மை முதுகில் பிரம்புத் தழும்போடு திரும்பினான்.

"இனிமே நீங்க போவ வேணாம். எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லித்தர்றேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். காலையில் ஜெபம், பிறகு சிலேட்டு, பிறகு வாய்ப்பாடு. புத்தகம் என்று இருந்தவை ஒரு ஞானோபதேசமும், அட்டை போன ஒரு மூன்றாம் வகுப்புப் புத்தகமும்தான்.

எழுபத்தொன்றாம் வருஷக் கிறிஸ்துமஸ் வந்தது. பையன்களுக்கு நின்று நிலைக்கிற மாதிரி ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. குடவாசலில் நெய்னா முகம்மது கடைக்குப் போனாள். பந்தை எடுத்தாள், வைத்தாள். ஊதலை எடுத்தாள், வைத்தாள்.

"ஏம்மா, கடையையே தடவிப் பாத்துட்ட. என்னதான் வேணும்?"

"பொங்கலுக்குள்ள ஒடைஞ்சு போவாத சாமானா வேணும் பாய்."

"அப்ப அம்மிக்கல்லுதான் தூக்கிட்டுப் போவணும்."

அவர் சிரித்தபோது, கொல்லைக் கதவு வழியாகத் தென்னங்கன்றுகள் வரிசையாகத் தெரிந்தன. செசிலி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அது விக்கிறதா பாய்? ரெண்டு வேணும்."

பாயின் சிரிப்பு நின்றது. "நட எடம் இருக்கா?"

அவளுக்குத் திக்கென்றது. முப்பது வயசு வரை அவள் ஒரு மரம் நட்டதில்லை. அவர்கள் தெருவில் யாருமே நட்டதில்லை. குடிசைகள் இருப்பது பண்ணை நிலத்தில். பூசணி போடலாம், அவரை போடலாம். வருஷம் தாண்டி நிற்கிற எதையும் நடக்கூடாது. மரம் நின்றால் மண்ணையும் கேட்பார்கள் என்று பண்ணைக்குத் தெரியும். ஆனால், குடியிருக்கிற மனை குடியிருப்பவர்களுக்கே என்று சென்னையில் சட்டம் போட்டாயிற்றென்று விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"இருக்கு பாய்" என்றாள்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்ததும் கன்றுகளைப் பையன்கள் கையில் கொடுத்தாள். அவள் புருஷன் சூசைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம் செசிலி. பஞ்சநதம் கண்ணுல பட்டா குடிசையப் பிரிச்சுடுவாரு."

பஞ்சநதம் பண்ணையின் காரியஸ்தர்.

"அதான் சட்டம் வந்துடுச்சுல்ல?"

"சட்டம் சென்னையில இருக்கு. பஞ்சநதம் இங்க இருக்காரு."

அப்படிச் சொன்னவன்தான் மண்வெட்டியை எடுத்து வாசலில் இரண்டு குழியும் வெட்டினான்.

"எப்பம்மா காய்க்கும்?" என்றான் தொம்மை.

"ஆறு வருஷம் ஆவும்."

"அப்ப அண்ணனுக்கு மீசை மொளைச்சிருக்கும்" என்றான் சின்னவன் இஞ்ஞாசி.

நட்டுத் தண்ணீர் ஊற்றிய ஈரம் காயவில்லை. தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. பஞ்சநதம்.

அவர் வந்து காலை ஊன்றுவதற்குள் சூசை பாய்ந்துபோய்த் தொம்மையின் கன்றை வேரோடு பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். வேரிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. இஞ்ஞாசி தன் கன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

பஞ்சநதம் விழித்தார். "ஏண்டா, மேல வயல்ல தண்ணி நிக்குது, மடையத் தொறந்து வடிய விடுன்னு சொல்ல வந்தேன். நீ என்னத்தப் பிடுங்கிட்டு நிக்கிற?"

பஞ்சநதம் எட்டிப் பார்த்தார். "தென்னையா?" பிறகு சேற்றில் கிடந்த சின்னவனைப் பார்த்தார். "தென்னை நடுற அளவுக்கு வந்தாச்சு. இனிமே நான் சொல்லி என்ன ஆவப்போவுது?" சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"அப்பா, அவரு ஒண்ணுமே சொல்லலியே?" என்றான் தொம்மை.

செசிலி சூசையை ஏதோ கேட்க வாயெடுத்தாள். அப்போதுதான் தொம்மை அப்பாவைப் பார்க்காமல் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. குனிந்து பார்த்தாள். அவள் கையில் ஒரு கோணிச் சாக்கு இருந்தது. சின்னவனின் கன்றை மூடுவதற்கு. எப்போது எடுத்தாள், எங்கிருந்து எடுத்தாள், ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. மணிச் சத்தம் கேட்டதும் கை தானாக எடுத்திருக்கிறது. ஆசை ஆசையாக வாங்கி வந்த அதே கை.

சாக்கை வீசி எறிந்தாள். சூசையிடமிருந்து கன்றை வாங்கி, குழியில் இறக்கி, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினாள்.

"தொம்மை, தண்ணி கொண்டா."

சூசை பேசாமல் வந்து சுற்றிலும் காலால் மிதித்து மண்ணை இறுக்கினான்.

சின்னவன் மரம் ஆறாம் வருஷம் பாளை விட்டது. தொம்மையின் மரம் எட்டாம் வருஷம்தான் விட்டது. ஒரே நாளில் நட்டவை ஏன் இப்படி என்று யாராவது கேட்டால், "அது ஒரு தடவ வேர் பறிஞ்ச கன்னு" என்பாள் செசிலி. யார் பறித்தது என்று அவளும் சொன்னதில்லை, பையன்களும் சொன்னதில்லை.