பாப்பாத்திக்கு வைத்த சிலை

கலைச்செல்வி கல்யாணமாகி மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டுக்கு வந்தபோது சீரோடு ஒரு லேப்டாப்பும் வந்தது. ராசிபுரத்தில் டிசைன் கடையில் வேலை பார்த்தவள். திரையில் தவளை, ஆமை, பலாப்பழம் என்று உருவம் செய்வாள். நாமக்கல் கடைக்காரர் ஒருவர் அதைப் பிளாஸ்டிக்கில் த்ரீடி பிரிண்ட் போட்டு பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அதன்மேல் ரப்பர் பூசி அச்சு எடுத்து, அந்த அச்சில் சிமெண்டு ஊற்றினால் சிலை. வாசலூர்பட்டி விடுதித் தோட்டங்களில் உட்கார்ந்திருக்கும் தவளைகளெல்லாம் அவள் பெற்றவைதான்.

போன தையில் மாமியார் பாப்பாத்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"தவளைக்கெல்லாம் சிலை வெக்கறயே கண்ணு, எனக்கு ஒண்ணு வெக்க மாட்டியா?"

"வெச்சுட்டாப் போச்சுங்க அத்தை. ஆடாம உக்காருங்க."

ஆடாமல் உட்காருவது பாப்பாத்திக்கு வராத வேலை. மருமகள் செல்போனோடு சுற்றிச் சுற்றிப் படமெடுக்க, அவள் கோழியை விரட்டினாள்; பஸ்ஸில் போவது யாரென்று எட்டிப் பார்த்தாள். அந்தப் படங்களை லேப்டாப்பில் சேர்த்து உருவமாக்கியதில் மூன்று காது வந்தது. மறுபடி எடுத்ததில் பாப்பாத்தி உள்ளபடியே திரையில் சுழன்றாள். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எம் மூக்கு இத்தாம் பெருசா? கொஞ்சம் கொறை சாமி."

மூக்கு குறைந்தது. கன்னம் ஏறியது. கழுத்துச் சுருக்கம் போனது.

"இப்பத்தான் என்னையாட்டமே இருக்குது."

மகன் ரமேஷ்குமார் திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முற்றத்தில் காயும் மிளகைக் கிளறப் போய்விட்டான்.

கழுத்துவரை போதுமென்று அனுப்பியதில், நாமக்கல்லிலிருந்து பிளாஸ்டிக் தலை துண்டு துண்டாக வந்தது. கலைச்செல்வி அதை ஒட்டி, இடுக்கில் பட்டிப் பசை அடைத்துத் தேய்த்து, ரப்பர் அச்சு எடுத்தாள். கனம் குறைய உள்ளே கூடாக விட்டு வார்த்தாள். சிமெண்டு இறுகியதும் அச்சைக் காலுறை மாதிரி உரித்து, தலையை வாசலில் வைத்தாள்.

பக்கத்து வீட்டு அத்தாயி வந்தாள். "அட, ராமாயி! ஏனுங்க்கா, தங்கச்சியோட ராசியாயிட்டீங்களா?"

அரியூர் நாட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை ராமாயியோடு ஒரு காதுகுத்துப் பந்தியில் வந்த சண்டையில் பாப்பாத்தி பேச்சை நிறுத்தியிருந்தாள். சிலைமேல் சாக்கைப் போட்டு மூடினாள். அதற்குள் சேதி அரியூர் போய்விட்டது. மறுநாளே ராமாயி பஸ்ஸில் வந்து இறங்கிச் சாக்கை விலக்கினாள். கண் கலங்கிவிட்டது.

"பேசுலீன்னாலும் என்னை மனசுல வெச்சிருக்கறயேக்கா!"

"அது நான்டி!"

"நீயா? இந்த மூக்கு உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

கலைச்செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். வெளியே மூக்கில் தொடங்கிய வாக்குவாதம் பழைய பந்திச் சண்டைக்குப் போய், பிறகு பேரன் பேத்தி நலம் விசாரிப்பதில் முடிந்தது. சாப்பாட்டுக்கு அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பிய ராமாயி, தனக்கென்று கேட்டு வாங்கிய சிலையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

"ஏனுங்க, என்ற தலைக்கு நானே லக்கேஜ் போடோணுமா?"

கலைச்செல்வி அதே அச்சில் இன்னொன்று வார்த்து வாசலில் வைத்தாள். யாரென்று கேட்பவர்களிடம் பாப்பாத்தி, "நான்தான்" என்கிறாள். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.