நகமளவு மூடி

எதைக் கையில் எடுத்தாலும் அதன் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார் அப்பா. டிபன் பாக்ஸ் மூடி, ரிமோட்டின் பின்பக்கம், ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நாற்காலியின் கை. எங்கே சேர்த்திருக்கிறார்கள், எங்கே நெம்பினால் கழன்று வரும் என்று நகம் தன்பாட்டுக்குத் தேடிக்கொண்டிருக்கும். மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதே கதைதான். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். அன்றைக்குக்கூட, சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் உறையை நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார்.

கார் பட்டறையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். இன்ஜின் பக்கம் தலைவைக்க மாட்டார். கதவின் உள்பக்கத் தட்டு, டேஷ்போர்டு, கூரைத் துணி, இவைதான் அவர் பங்கு. பட்டறையை மூடிய பிறகு வீட்டு வாசலிலேயே வண்டிகளைப் பிரித்தார். பிளாஸ்டிக்கை உடைக்காமல் கழற்றுகிறவர் என்று பேர். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புகிறவனைக் கண்டால் ஆகாது. தேய்ந்த டூத் பிரஷ்ஷின் கைப்பிடியை உப்புத்தாளில் இழைத்துச் சப்பையாக்கி வைத்திருப்பார், கீறல் விழாது.

"இந்த வீட்ல ஒரு பிரஷ்ஷு நிம்மதியா குப்பைக்குப் போக முடியுதா," என்பாள் அம்மா.

முரண்டு பிடிக்கும் பிளாஸ்டிக்குக்கு ஹேர் டிரையரால் சூடு காட்டுவார். அது மகளுடையது. ஒரு நாள் சாயங்காலம் அதைத் திருப்பி வாங்கப் போனவள், அவர் சூடேற்றிய பிளாஸ்டிக் துண்டைப் பிடித்தபடியே பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். விரல் நுனி இரண்டும் வெந்து கொப்புளித்திருந்தன. அவள் காட்டியதும், யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எவ்ளோ நாளாப்பா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான். சர்க்கரை வேலை. கையுறை போட்டுக்கிட்டுத் தொடற மாதிரி இருக்கு."

"டாக்டர்கிட்ட காட்டலாமே."

"காட்டலாம், காட்டலாம். அம்மாகிட்ட சொல்லாத. உங்க மாமாகிட்ட சொல்லவே சொல்லாத, அவன் வாய் ஊருக்கே ஸ்பீக்கர். என் கை போச்சுன்னு தெரிஞ்சா எவன் வண்டிய விடுவான், சொல்லு."

சர்க்கரை நரம்பை என்ன செய்யும் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் அவள். இருந்தும் சரி என்று தலையாட்டினாள்.

அடுத்த வாரமே மாமா வந்து நின்றார். அம்மாவின் தம்பி. யாரோ ஓட்டிய காரை வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வலப்பக்கக் கதவின் கண்ணாடி பாதியில் சிக்கி ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்றது. உள்தட்டைக் கழற்றினால்தான் பார்க்க முடியும்.

"ஆபரேஷன் எவ்ளோ நேரம் மச்சான்?"

"நீ பேசாம நின்னா அரை மணி. பேசினா ஒரு நாள்."

கதவை இழுத்துச் சாத்த விரல் நுழைக்கும் குழி ஒன்று உண்டே, அதற்குள் பல வண்டிகளில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அதை மறைத்து நகமளவு மூடி. கருப்புக்குள் கருப்பு, கண்ணால் தேடிப் பிரயோஜனமில்லை. அப்பா குழிக்குள் நகத்தை விட்டு ஒரு சுற்று வருவார். விளிம்பு தட்டுப்பட்டதும் நகம் நின்றுவிடும்.

திறந்த கதவின் உள்பக்கத்துக்கு எதிரே டீயோடு நின்றிருந்தாள் மகள். வெயில் சரிந்து குழிக்குள் விழுந்தது. மெல்லிய சதுரக் கோடு அவளுக்குத் தெரிந்தது. அப்பாவின் நகம் அந்தக் கோட்டின் மேல் ஏறி, இறங்கிப் போனது. இன்னொரு சுற்று வந்தது. நிற்கவில்லை.

"இதுல ஸ்க்ரூ கிடையாது மாப்ள. வெறும் கிளிப்புதான்."

அப்பா, அங்கே பாருங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பக்கத்தில் மாமா நின்றார். சொன்னால், இத்தனை வருஷக் கைக்கு இது எப்படித் தெரியாமல் போச்சு என்று கேட்பார். எப்படியும் அப்பாவே கண்டுபிடித்துவிடுவார் என்று அவள் டீயைப் பார்த்தாள்.

அடிப்பக்கக் கிளிப்புகள் டக் டக்கென்று விட்டன. நடுவில் தட்டு அசையவில்லை. சூடு காட்டினார். பிரஷ் கைப்பிடியை மாற்றி மாற்றிச் செருகினார்.

"உங்களுக்கே அடங்க மாட்டேங்குதே மச்சான்," என்றார் மாமா, சும்மா விளையாட்டுக்கு.

அப்பா முழங்காலைக் கதவில் முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தார். மளுக்கென்று சத்தம். குழியிலிருந்து கீழ்வரை விரிசல். மூடி தெறித்து, சாக்கடைக் கம்பிக்குள் விழுந்தது.

மூவரும் கம்பிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு மாமாதான், "விடுங்க மச்சான், பழைய வண்டிதானே. ஜன்னல் ஏறினா போதும்," என்றார். அவர் கேலி செய்திருந்தால் அப்பா பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பார். அந்த இரக்கம்தான் அவரைச் சாய்த்தது.

கண்ணாடியைச் சரிசெய்தார். விரிசலைப் பின்பக்கமாக ஒட்டினார், தேடினால்தான் தெரியும். குழிக்குள் மட்டும் ஸ்க்ரூவின் தலை மூடியில்லாமல் தெரிந்தது.

"மூடி ஒண்ணு பாக்கி, மாப்ள. அடுத்த வாரம் போட்டுத் தரேன்."

மாமா போனதும் கை கழுவிக்கொண்டே கேட்டார்: "நீ எதிர்லதானே நின்ன. அந்த மூடி உன் கண்ல பட்டுச்சா?"

"இல்லப்பா."

"கருப்புல கருப்பு. தெரியாதுதான்," என்றார்.

நம்பினாரா, அவளுக்காக நம்பியதுபோல் இருந்தாரா என்று இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை. அவர் மானத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடினாளா? அல்லது பயந்து நின்றுவிட்டு, பயத்துக்கு மானம் என்று பேர் வைத்துக்கொண்டாளா? படித்த படிப்பில் இதற்கு ஒரு விடையும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வண்டி எடுக்கவில்லை. முதுகு வலி, மழை, சாமான் கிடைக்கவில்லை என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடைகளுக்கு மட்டும் அந்த மூடியைத் தேடி பஸ் ஏறிப் போனார். ஒன்று பெரிதாக இருந்தது, ஒன்று சாம்பல் நிறம், ஒன்றில் கொக்கி வேறு மாதிரி. அப்படி ஒரு கடையில்தான் காலில் ஆணி ஏறியது. அதுவும் தெரியவில்லை. செருப்பில் ரத்தத்தை அம்மா பார்த்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. அந்தப் புண்ணோடு நாலு மாதம் இழுத்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய தகர டப்பாவில் பதினாலு மூடிகள் இருந்தன. மகள் எல்லாவற்றையும் மாமாவின் காருக்கு எடுத்துப்போய் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை.

மாமா இன்னும் அதே காரைத்தான் ஓட்டுகிறார். புது மூடி வரவழைத்துப் போடட்டுமா என்று சர்வீஸ் ஆட்கள் கேட்டால், "வேணாம்பா. அது எங்க மச்சான் எனக்கு வெச்சுட்டுப் போன பாக்கி. அப்படியே இருக்கட்டும்," என்கிறார். அவள் பக்கத்தில் இருந்தால் அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார்.

அன்று மூடியைப் பார்த்ததை அவள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. ஸ்க்ரூவின் தலையில் துரு ஏறத் தொடங்கியிருக்கிறது.